அடுக்குக் கல்யாண கேக்கைச் சாயாமல் நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயனாவரத்தில் என் வீட்டு மாடியறையில் கேக் செய்து கொடுக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியும் தருகிறேன். கேக் சுடுவதிலும் ஐசிங் பூசுவதிலும் கைதேர்ந்தவர்கள்கூட, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றும் கட்டத்துக்கு வந்ததும் தயங்கி நின்று அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். பல முறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். அடுக்கு என்று நான் சொல்வது ஒரு முழு கேக்கை. அதற்குள் கிரீம் வைத்து ஒட்டும் துண்டுகளை, எல்லோரும் சொல்வது போல், லேயர் என்றே சொல்கிறேன்.

கீழே இருக்கிற கேக் பஞ்சு மாதிரி இருக்கிறது. அது எப்படி அக்கா மேலே இருக்கிற கேக்கைத் தாங்கும்?

தாங்காது. அதைத் தாங்கச் சொல்லவும் கூடாது. ஒவ்வோர் அடுக்கும் தன் அளவுக்கே வெட்டிய ஓர் அட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த அட்டையை, கீழ் அடுக்குக்குள் செங்குத்தாக நட்ட குச்சிகள் ஏந்துகின்றன. அந்தக் குச்சிகள் கீழ் அடுக்கின் அட்டையில் ஊன்றி நிற்கின்றன. இப்படியே எடை முழுவதும் குச்சி வழியாகவும் அட்டை வழியாகவும் இறங்கி மேசைக்குப் போய்விடுகிறது. பந்தலின் கூரையைத் தாங்குபவை கால்கள். சுற்றிலும் கட்டிய துணி எதையும் தாங்குவதில்லை. கேக் அந்தத் துணியைப் போன்றது.

எடை எவ்வளவு என்று தெரிந்தால் இதன் அவசியம் புரியும். 4 அங்குல உயரத்தில் கிரீம் வைத்த ஸ்பான்ஜ் கேக், 6 அங்குல வட்டத்தில் ஏறக்குறைய 1 கிலோவும், 8 அங்குலத்தில் 2 கிலோவும், 10 அங்குலத்தில் 3 கிலோவும் வரும். ஆக, மூன்றடுக்கில் அடி கேக்கின் தலைமேல் 3 லிட்டர் தண்ணீரின் பாரம் இருக்கிறது. பிளம் கேக்காக இருந்தால் அந்தப் பாரம் 5 கிலோவைத் தொடும்.

எங்கள் பாட்டி கல்யாண போட்டோவில் தூண் வைத்து மூன்று அடுக்கு நிற்கிறது. உள்ளே குச்சியே கிடையாது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது எப்படி?

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் காலத்துக் கல்யாண கேக் நெருக்கமான பிளம் கேக். அதன்மேல் பாதாம் அல்லது முந்திரி அரைத்த மார்சிபான், அதற்கும் மேல் பல பூச்சுகளாக ராயல் ஐசிங். முட்டையின் வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்து நாள்கணக்கில் காய்ந்தால் சுண்ணாம்புக் காரை போல இறுகிவிடும். அந்த ஓட்டின் மேல் தூணை நேரடியாகவே நிறுத்தலாம். 1947இல் எலிசபெத் இளவரசியின் திருமணத்துக்கு இலண்டனில் செய்த கேக் நான்கு அடுக்கு, 9 அடி உயரம், சுமார் 500 பவுண்டு எடை. அதுவும் இந்த மரபில் வந்த பழக் கேக்தான்.

இன்று நாம் செய்வது ஸ்பான்ஜ். பூசுவது விரல் பட்டால் குழியும் கிரீம். பாட்டியின் கேக்கைப் பார்த்து இந்தக் கேக்கில் தூணை வைத்தால், தூண் இட்லி மாவில் விட்ட கரண்டியைப் போல் உள்ளே இறங்கிவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் டவல் கேட்டால் துண்டை எடுத்துக் காட்டுகிறார்கள்.

கேக் பொருள்கள் விற்கும் கடையில் “டௌவல் ராட்” என்று கேளுங்கள், அல்லது “கேக்குக்குள் வைக்கும் மரக்குச்சி” என்று சொல்லிவிடுங்கள். பென்சில் கனமுள்ள, உணவில் படத்தக்க, சாயமோ வார்னிஷோ பூசாத குச்சியாக இருக்க வேண்டும். உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் குச்சிகளும் கிடைக்கின்றன. அவை சற்று விலை கூடினாலும் வெட்ட எளிது. கபாப் செய்யும் மூங்கில் குச்சியை எடையேற்ற நம்ப வேண்டாம். மெலிதாக இருப்பதால் அது வளையும், ஸ்பான்ஜையும் கிழிக்கும்.

அடுத்தது அட்டைகள். மேல் அடுக்குகளுக்கு, கேக்கின் அளவிலேயே வெட்டிய, எண்ணெய் இறங்காத கெட்டி அட்டை போதும். அடிப்பலகையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 10 அங்குல அடி கேக்குக்கு 14 அங்குலத்தில், 12 மில்லிமீட்டர் கனமுள்ள எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டும். தூக்கும்போது பலகை ஒரு நூல் வளைந்தாலும் ஐசிங்கில் விரிசல் ஓடும். இவற்றோடு ஒரு ஹாக்ஸா பிளேடும், உப்புத்தாளும், கொத்தனார்கள் வைத்திருக்கும் சிறிய ரசமட்டமும் வாங்குங்கள். ரசமட்டம் எதற்கு என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். பதில் கீழே வருகிறது.

பபிள் டீ ஸ்ட்ராவே போதும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

தடித்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா இரண்டடுக்கு ஸ்பான்ஜைத் தாங்கத்தான் செய்யும். குழாய் வடிவம் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்குப் பதிலாகக் கடையில் தரும் காகித ஸ்ட்ரா, கேக்கின் ஈரத்தைக் குடித்து இரவோடு இரவாகத் தளர்ந்துவிடும். மரத்துக்கே வந்துவிடுங்கள்.

எத்தனை குச்சி? எங்கே நடுவது?

ஏறப்போகும் அடுக்கின் அகலத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். நான் வைக்கும் கணக்கு இது: மேலே 6 அங்குலம் வந்தால் 4 குச்சிகள், 8 அங்குலம் வந்தால் 6, 10 அங்குலம் வந்தால் 8. பிளம் கேக்காக இருந்தால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்வேன். பயத்தில் பதினைந்து குச்சிகளைக் குத்துபவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு துளைகள் விழுந்த ஸ்பான்ஜ் தானாகவே பிளந்துபோகும்.

இடத்தைக் குறிக்க, ஏறப்போகும் அடுக்கு சுட்ட டின்னை எடுத்து, கீழ் கேக்கின் நடுவில் மெல்ல வைத்து அழுத்தி எடுங்கள். ஐசிங்கில் ஒரு வட்டம் பதியும். அந்தக் கோட்டிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, கடிகார எண்களைப் போலச் சம இடைவெளியில் நடுங்கள். எல்லாவற்றையும் நடுவில் குவித்தால், மேல் அடுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் முக்காலி போல ஆடும்.

ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியாக அளந்து வெட்ட வேண்டுமா?

வேண்டாம்; சாய்வதற்கான முதல் காரணமே அதுதான். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கேக்கின் மேற்பரப்பில் ஒரு பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேடாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குச்சியையும் அதனதன் இடத்தில் அளந்தால், அந்த மேடுபள்ளத்தை அப்படியே மேல் அடுக்குக்கு ஏற்றிவிடுகிறீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கேக்கை ஃபிரிட்ஜில் இறுகவிட்டு எடுத்து, பரப்பில் எது மிக உயரமான இடம் என்று குனிந்து கண்மட்டத்தில் பார்க்கிறேன். அங்கே ஒரு குச்சியைச் செங்குத்தாக இறக்குகிறேன். ஸ்பான்ஜில் வழுக்கிக்கொண்டு போகும் குச்சி, அட்டையைத் தொட்டதும் விரலில் ‘டக்’ என்று தெரியும். ஐசிங்கின் மட்டத்தில் பென்சிலால் ஒரு கீறல் போட்டு வெளியே எடுத்து, அந்த அளவுக்கே மற்ற எல்லாக் குச்சிகளையும் ஒன்றாகப் பிடித்து வெட்டுகிறேன். பிறகு அவற்றை மேசையில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு தட்டை வைத்துப் பார்த்தால், எது நெட்டை, எது குட்டை என்று உடனே தெரிந்துவிடும். நெட்டையை உப்புத்தாளில் தேய்த்து, தூள் போகக் கழுவி, முழுதாகக் காயவைத்த பிறகே கேக்கில் இறக்க வேண்டும். சில இடங்களில் குச்சி ஐசிங்குக்கு மேல் ஒரு நூல் தெரியும். தெரியட்டும். அந்த இடைவெளியை விளிம்பில் பிழியும் கிரீம் பைப்பிங் மறைத்துவிடும். குச்சி குட்டையாகிப் போனால் மறைக்க வழியில்லை.

இவ்வளவு குச்சி வைத்த பிறகு நடுவில் ஒரு நீளக் குச்சி எதற்கு?

இதுவரை சொன்ன குச்சிகள் மேலிருந்து கீழே வரும் பாரத்தை மட்டுமே தாங்குகின்றன. கார் பிரேக் போட்டால் மேல் அடுக்கு முன்னே வழுக்குமே, அதை அவை தடுப்பதில்லை. எல்லா அடுக்குகளையும் ஊடுருவி அடிப்பலகை வரை இறங்கும் நடுக்குச்சி அதற்காகத்தான்.

அதன் நுனியைப் பென்சில் போலச் சீவி, உச்சியிலிருந்து நேராக இறக்கி, அட்டை வந்ததும் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். கெட்டி அட்டையாக இருந்தால் ஓட்டை விழுந்து குச்சி கீழே போகும்; எம்டிஎஃப் போன்ற மரப்பலகையை இடை அட்டையாக வைத்தால், கேக் வைப்பதற்கு முன்பே நடுவில் துளை போட்டிருக்க வேண்டும். முதன்முறை செய்பவர்கள் எந்த அட்டையாக இருந்தாலும் முன்கூட்டியே துளைத்துக்கொள்ளுங்கள். கல்யாண கேக்கின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் தைரியம் முதல் நாளிலேயே வராது.

மே மாதம் கல்யாணம். விப்பிங் கிரீமில் த்ரீ டியர் நிற்குமா?

முழுநேரமும் ஏசி ஓடும் கூடத்தில், குச்சிகள் சரியாக இருந்தால், நிற்கும். ஆனால் குச்சி கேக்கைச் சாயாமல் காக்குமே தவிர, உருகாமல் காக்காது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் இளகிவிடும். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெயும் ஏறக்குறைய அதே சூட்டில் உருகும். கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தொடுகிறது. சூரியன் இறங்கிய பிறகும் புழுக்கம் குறைவதில்லை. விப்பிங் கிரீமோ அதற்கும் முன்பே தளர்ந்து, பக்கவாட்டில் வழியத் தொடங்கும்.

எனவே கோடையில் மூன்றடுக்கு என்றால் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) பூசி அதன்மேல் ஃபாண்டன்ட் (மாவு போலத் தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் போர்வை) போர்த்துவதையே நான் ஒப்புக்கொள்கிறேன். டார்க் சாக்லேட்டுக்குச் சாதாரணமாக எடையில் இரண்டு பங்கு சாக்லேட்டும் ஒரு பங்கு கிரீமும் போதும். மே மாதத்தில் சாக்லேட்டை மூன்று பங்காக்குங்கள். வெள்ளைச் சாக்லேட்டுக்குச் சாதாரணமாகவே மூன்று பங்கு; மே மாதத்தில் அதை நான்காக்க வேண்டும். இறுகிய கனாஷ் ஓடு கேக்குக்குச் சுவர் போல நிற்பதால் குச்சிகளும் நட்ட இடத்தில் அசையாமல் இருக்கும். ஈசிஆரில் கடற்கரையோரத் திறந்த வெளியில் கிரீம் கேக் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முடியாது என்றே சொல்லிவிடுங்கள். அந்த ஆர்டர் போனால் போகட்டும்.

அடி கேக் ரசமலாய் ஃப்ளேவர் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் பிடிவாதம். செய்யலாமா?

ரசமலாய், டிரெஸ் லெச்சஸ் போன்றவை பாலில் ஊறிய ஸ்பான்ஜ். குச்சிகள் எடையை ஏந்திக்கொண்டாலும், ஊறிய ஸ்பான்ஜ் தன் பாரத்திலேயே அமுங்கும். குச்சியை நட்ட துளை வழியே பால் கசிந்து அட்டைக்கு இறங்கும். நனைந்த அட்டை மடங்கும். அதை உச்சி அடுக்காக, அட்டைக்குப் பதில் அக்ரிலிக் தட்டின் மேல் வையுங்கள். அடியில் வெண்ணெய் கேக்கோ, சாக்லேட் மட் கேக்கோ இருக்கட்டும். உச்சி அடுக்கை மட்டும் முட்டையில்லாமல் கேட்பவர்கள் நம்மூரில் நிறைய. அதற்கும் இந்த ஏற்பாடு ஒத்துவரும். பிடிவாதம் தளராவிட்டால் ரசமலாயைத் தனி கேக்காகச் செய்து பந்திக்கு அனுப்பிவிடுங்கள்.

மேல் அடுக்கை இறக்கும்போது விரல் பட்டு ஐசிங் போய்விடுகிறது. எப்படி வைப்பது?

இரண்டு கேக்குகளும் ஃபிரிட்ஜிலிருந்து வந்த இறுக்கத்தோடு இருக்க வேண்டும். பாதித் தவறு அதிலேயே தீரும். கீழ் கேக்கில் வட்டத்துக்குள் உருக்கிய சாக்லேட்டைச் சிறிது தடவுங்கள்; அது பிசின் போலப் பிடிக்கும். மேல் அடுக்கின் அட்டைக்கு அடியில் அகலமான பேலட் கத்தியைச் செருகித் தூக்கி, மறு கையால் அட்டையின் எதிர் விளிம்பை ஏந்தி, முதலில் அந்த விளிம்பைப் பதித்த கோட்டில் தொடவிட்டு, கையை உருவி, பிறகு கத்தியோடு மறுபக்கத்தை இறக்குங்கள். மூடியைச் சாய்த்து மூடுவது போன்ற அசைவு அது. கத்தியை உருவும்போது கீழ் ஐசிங்கில் ஒரு தழும்பு விழத்தான் செய்யும். அந்தப் பக்கத்தைக் கேக்கின் முதுகாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே அடுக்கி எடுத்துப் போவது நல்லதா, மண்டபத்தில் போய் அடுக்குவதா?

இரண்டடுக்கு என்றால், மேலே சொன்ன நடுக்குச்சியோடு வீட்டிலேயே அடுக்கி, ஒரு மணி நேரம் குளிரவைத்து எடுத்துப் போகலாம். மூன்றடுக்கு என்றால் நான் அடி இரண்டையும் சேர்த்துவிட்டு, உச்சியைத் தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே ஏற்றுகிறேன். நான்கு என்றால் எல்லாமே மண்டபத்தில்தான்.

கேக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். கார் சீட் பின்பக்கம் சரிவாக இருக்கும். அங்கே வைத்த கேக் வழி முழுவதும் சாய்ந்தே பயணம் செய்யும். டிக்கியின் சமதளத்தில், அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வையுங்கள். டிக்கிக்குள் ஏசி காற்று வராத வண்டியாக இருந்தால், முன் சீட்டின் கால்வைக்கும் தளமே நல்லது. புறப்படும் முன் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காமல் வேகத்தடைகளை எண்ணுங்கள். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துத் திருப்பிவிடும் சாலையில் பள்ளமும் திருப்பமும் சேர்ந்தே வரும். முகூர்த்த நாளில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டவருக்கும் பதில் ஒன்றுதான்: ஓர் அடுக்கு கேக்குக்கு மட்டும்.

மண்டபத்தில் போய் என்ன பார்க்க வேண்டும்?

மேசையை. மண்டபத்தில் தருவது பெரும்பாலும் பந்திக்குப் போடும் மடக்கு மேசை. அதற்குத் தரைவரை சாட்டின் துணி சுற்றிவிடுவார்கள். ஒருமுறை அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்காமல் மூன்றடுக்கை ஏற்றிவிட்டேன். ஒரு காலின் கொக்கி மாட்டப்படாமல் இருந்திருக்கிறது. கேக் விழவில்லை, ஆனால் மேசை ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து, உச்சி அடுக்கு பொண்ணையும் மாப்பிள்ளையையும் வணங்குவது போலக் குனிந்து நின்றது. போட்டோகிராஃபர்தான் முதலில் பார்த்தார். மேசைக்காலின் கீழ் அழைப்பிதழ்களை மடித்துச் செருகி நிமிர்த்தினோம்.

அன்றிலிருந்து ரசமட்டம் என் பையில் இருக்கிறது. காலி மேசையின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து, நடுக்குமிழ் கோட்டுக்குள் நிற்கும்வரை காலுக்கு அட்டை கொடுத்துவிட்டுத்தான் கேக்கை ஏற்றுகிறேன். மெல்லிசைக் கச்சேரியின் ஸ்பீக்கருக்கு அருகிலோ, வீடியோ விளக்கின் நேர் சூட்டிலோ மேசை இருந்தால், பணிவாகச் சொல்லி இடம் மாற்றுங்கள். பத்திரிகையில் ஆறரை என்று போட்டிருந்தாலும் கேக் வெட்ட எட்டு மணி ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஃபாண்டன்ட் வியர்த்துக் கொட்டுகிறது. துடைக்கலாமா?

தொடவே கூடாது, தொட்ட இடம் பிசுபிசுத்துத் தழும்பாகும். சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது, அவ்வளவுதான். கேக்கை மூடிய அட்டைப்பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்து, பெட்டியோடே வெளியே எடுத்து, ஏசி அறையில் அது பதமாகும்வரை திறக்காமல் விட்டால், ஈரம் பெட்டியின் மேல் படிந்துபோகும்.

ஓர் அடுக்கு மட்டும் 8 இன்ச் உயரம் கேட்கிறார்கள். குச்சியை 8 இன்ச் வெட்டினால் போதுமா?

போதாது. அது வெளிப்பார்வைக்குத்தான் ஓர் அடுக்கு, உள்ளே இரண்டு. 4 அங்குலம் கட்டியதும் குச்சிகளை நட்டு, ஓர் அட்டை வைத்து, அதன்மேல் அடுத்த 4 அங்குலத்தைக் கட்டி, வெளியே ஒரே சுவராகப் பூசிவிட வேண்டும். நடுவில் அட்டை இருப்பதை வெட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தி பாதியில் நிற்கும்.

செலவைக் குறைக்க அடியில் தெர்மோகோல் டம்மி வைத்தால் குச்சி தேவையில்லைதானே?

நெருக்கமான தெர்மோகோல் நேர்பாரத்தை நன்றாகவே தாங்கும்; அந்த அடுக்குக்குள் எடையேற்றும் குச்சிகள் வேண்டாம். ஆனால் இங்கே வேறு சிக்கல் தலைகாட்டும். பாரமான கேக் அடியிலும் லேசானது மேலேயும் இருப்பதுதான் இயல்பான நிலை. டம்மி வைத்ததும் அது தலைகீழாகிவிடுகிறது. காற்று போன்ற அடிமேல் 2 கிலோ கேக் உட்கார்ந்தால், மேசையை யாராவது இடித்தாலே கவிழும். டம்மியை அடிப்பலகையோடு பசையால் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, நடுக்குச்சியைப் பலகையில் திருகாணியால் கீழிருந்து பிடித்துவிடுங்கள். அதன்பின் மேல் கேக்கை அந்தக் குச்சியில் கோத்து இறக்குவதுதான் வேலை.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்துச் சாய்கிறது. எங்கே தவறு?

முதலில், சாய்வதா, வயிறு தள்ளுவதா என்று பாருங்கள். மேல் அடுக்கின் அட்டைக்கும் கீழ் கேக்குக்கும் இடையில் ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால், குச்சியில் தவறு: நீளம் சமமில்லை, அல்லது சாய்வாக நட்ட குச்சி இன்னும் சரிந்துவிட்டது. மேசையை ரசமட்டத்தில் பார்த்த பிறகும் இந்த வாய் தெரிந்தால், மேல் அடுக்கை எடுத்துவிட்டு, பழைய துளைகளுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிய குச்சிகளை நடுவதைத் தவிர வழியில்லை. அதே துளையில் திரும்ப நட்டால் அது பழைய சாய்விலேயே போய் நிற்கும். இதற்காகவே வெட்டாத நான்கு குச்சிகளும் ஹாக்ஸா பிளேடும் பையில் இருக்க வேண்டும்.

வாய் திறக்காமல், கேக்கின் இடுப்பில் ஒரு வளையம் பிதுங்கினால், குச்சியின் மேல் பழி போடாதீர்கள். உள்ளே வைத்த ஜாமோ கிரீமோ அதிகம், அல்லது லேயர்களுக்கு ஓர் இரவு அமர நேரம் தரவில்லை. அடுத்த முறை ஒவ்வொரு லேயரின் விளிம்பிலும் கெட்டிக் கிரீமால் வரப்பு கட்டி, அதற்குள் மெல்லிய பூரணம் வையுங்கள். மண்டபத்தில் இப்போதைக்கு, பிதுங்கிய இடத்தில் ரிப்பன் சுற்றலாம்.

வெட்டும்போது குச்சி யார் வாயிலாவது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பல் குத்தும் குச்சியை எந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான். பென்சில் கனமுள்ள குச்சி கண்ணில் படாமல் போகாது. இருந்தாலும் ஒவ்வோர் அட்டையின் அடியிலும், கீழ் அடுக்கில் எத்தனை குச்சிகள் இருக்கின்றன என்று எழுதிவிடுகிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் அடி அடுக்கின் விளிம்பில் வெட்டட்டும். நடுவை நோக்கி ஆழமாகக் கத்தியை இறக்கினால் குச்சியில் முட்டும்.

போட்டோ முடிந்ததும் கேக் சமையலறைக்குப் போகும். அங்கே முதலில் நடுக்குச்சியைக் குறடால் பிடித்து மேலே உருவி, உச்சி அடுக்கை அட்டையோடு தூக்கி வைத்து, வெளியே தெரியும் குச்சிகளை எடுத்து எண்ண வேண்டும். எண்ணிக்கை அட்டையில் எழுதியதோடு ஒத்துப்போன பிறகுதான் அந்த அடுக்கைத் துண்டு போடச் சொல்லுங்கள்.